நான் அனுப்பவில்லை என்கிறார். மடல் அவர் பெயரில்தான் வந்திருக்கிறது

மடற்குழுக்களில் அவ்வப்போது நடப்பதுதான். காலையில் குழுவின் வழியாக ஒரு மடல் வந்து விழுகிறது. அனுப்பியவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பொருள் வரியில், போன மாதம் பேசி முடித்த ஓர் இழையின் தலைப்பு. உள்ளே ஒற்றை வரி: "கேட்ட கோப்பு இதோ." கீழே ஒரு ஜிப். மதியம் அவரே பதறிக்கொண்டு எழுதுகிறார்: "நான் எதுவும் அனுப்பவில்லை, யாரும் திறக்காதீர்கள்." அதற்குள் நாலு பேர் திறந்திருப்பார்கள். இன்னொருவர், "எனக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, மறுபடி அனுப்ப முடியுமா" என்று குழுவுக்கே பதில் போட்டிருப்பார்.

பிறகு வரும் கேள்விகள் மூன்று. அவர் அனுப்பவில்லை என்றால் அனுப்பியது யார்? குழுவின் வழங்கி அதை ஏன் உள்ளே விட்டது? ஆன்டிவைரஸ் என்ன செய்துகொண்டிருந்தது? மூன்றுக்கும் பதில், மின்னஞ்சல் என்ற ஏற்பாடு கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் அட்டாச்மென்டையும் 'இணைப்பு' என்கிறோம், லிங்க்கையும் 'இணைப்பு' என்கிறோம். இங்கே இணைப்பு என்றால் மடலோடு வரும் கோப்பு. லிங்க்குக்குச் சுட்டி. வழங்கி என்பது சர்வர். மட்டுறுத்தர் என்பவர், குழுவுக்கு வரும் மடலைப் பார்த்து விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பவர்.

மடற்குழு: ஒரு முகவரி, ஆயிரம் படி

மடற்குழுவின் உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு முகவரி, அதன் பின்னால் ஒரு நிரல், ஓர் உறுப்பினர் பட்டியல். முகவரிக்கு மடல் வந்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் நிரல் ஒரு படி அனுப்புகிறது. 1986இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தோமா, பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையமைப்புக்காக எழுதிய லிஸ்ட்சர்வ் இந்த வேலையைத் தானியங்கியாக்கியது. பின்னால் மேஜர்டோமோ, மெயில்மேன், யாஹூ குழுக்கள், கூகுள் குழுக்கள் என்று வரிசை நீண்டது. அகத்தியர், மின்தமிழ் போன்ற தமிழ்க் குழுக்கள் வளர்ந்ததும் இந்த இடங்களில்தான். யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. ஆனால் கல்லூரி முன்னாள் மாணவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், ஆய்வாளர்கள், மென்பொருள் திட்டங்கள் என்று மடற்குழு இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வைரஸ் எழுதுகிறவனுக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தவை:

1. பெருக்கம். 300 கிலோபைட் இணைப்பு மடலுக்குள் ஏறும்போது 400 கிலோபைட் ஆகிவிடும் (காரணம் கீழே). 800 பேர் உள்ள குழுவுக்குப் போனால் வழங்கி வெளியே தள்ளுவது 320 மெகாபைட். கெடுதல் செய்கிறவனுக்குச் செலவு ஒரு மடல். தபால் செலவு முழுவதும் குழுவுடையது.

2. நம்பிக்கை. யாரோ அனுப்பினால் திறக்காதவர், குழுவிலிருந்து வந்தால் திறப்பார். பொருள் வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் குழுப் பெயர் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி வேலை செய்கிறது. ஸ்பாம் வடிகட்டிகளும் பல வருடம் நல்ல மடல் அனுப்பிய வழங்கியிடம் கொஞ்சம் தளர்வாகவே நடந்துகொள்ளும்.

இதே ஏற்பாட்டில் குழுவுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: எல்லா மடலும் ஒரே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். 800 பேருடைய கணினியைச் சுத்தமாக வைத்திருக்க எந்த நிர்வாகியாலும் முடியாது. ஒரு வாசலைக் காக்க முடியும்.

மடலுக்குள் கோப்பு எப்படி உட்காருகிறது

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் ஜான் போஸ்டெல் எழுதியது. அது வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கும்படி அமைந்திருந்தது. படம், ஒலி, நிரல், தமிழ் எதுவும் அப்படியே ஏறாது. 1992இல் நதேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் கொண்டுவந்த மைம் என்ற ஏற்பாடு இதற்கு வழி செய்தது. ஒரு மடலைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் 'இது என்ன வகை' என்று ஒரு சீட்டு ஒட்டலாம். எழுத்தல்லாத கோப்பை எழுத்தாக மாற்றி வைக்கலாம். அந்த மாற்றலுக்குப் பெயர் பேஸ்64. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக எழுதுவதால்தான் மேலே சொன்ன 300, 400 ஆனது.

சந்தேகத்துக்கிடமான ஒரு மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால் இது கண்ணாலேயே தெரியும். பெரும்பாலான மின்னஞ்சல் நிரல்களில் 'மூலத்தைக் காட்டு' என்பது போல ஒரு வழி இருக்கும். மடல் வாசகம் முடிந்ததும் ஓர் எல்லைக் கோடு. அதன் கீழே வகைச் சீட்டு, கோப்பின் பெயர். அதற்கும் கீழே அர்த்தமில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக. அந்த எழுத்துக் குவியலின் முதல் நாலெழுத்தைப் பாருங்கள். டி, வி, சிறிய க்யூ, பெரிய க்யூ என்று தொடங்கினால் அது பெரும்பாலும் விண்டோஸில் ஓடக்கூடிய நிரல். அத்தகைய கோப்பின் முதல் இரண்டு எழுத்து எப்போதும் எம், இசட்: டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். அதைப் பேஸ்64இல் எழுதினால் இப்படித்தான் வரும். அதேபோல் ஜிப் கோப்பு பி, கே என்று தொடங்கும். அவை ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்.

ஆக, ஓர் இணைப்பு தன்னைப் பற்றி மூன்று தகவல் சொல்கிறது:

1. கோப்பின் பெயரும் அதன் பின்னொட்டும் (பிடிஎஃப், டாக், இஎக்ஸ்இ).
2. வகைச் சீட்டு (படம், எழுத்து, ஜிப்).
3. உள்ளே உண்மையில் இருக்கும் பைட்டுகள்.

முதல் இரண்டையும் எழுதுவது அனுப்புகிறவர். அவற்றில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வழங்கி ஒன்றைப் பார்த்து முடிவெடுக்கும், உறுப்பினரின் மின்னஞ்சல் நிரல் இன்னொன்றைப் பார்த்து ஐகான் போடும், விண்டோஸ் வேறொன்றைப் பார்த்துத் திறக்கும். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பழைய வைரஸ் தந்திரங்கள் நிறையக் குடியிருந்தன.

குழுக்கள் சிக்கிய கதை

1987 டிசம்பரில், ஜெர்மனியின் கிளவுஸ்தால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சிறு நிரல் கிளம்பியது. ஓட்டினால் திரையில் எழுத்துகளாலான கிறிஸ்துமஸ் மரம் வரும். மரத்தை ரசிக்கும் நேரத்தில் அது உங்கள் முகவரிக் கோப்பைப் படித்து, அதிலிருந்த எல்லோருக்கும் தன் படியை அனுப்பிவிடும். ஐரோப்பிய வலையமைப்பிலிருந்து பிட்நெட்டுக்கும், அங்கிருந்து ஐபிஎம்மின் உள்வலைக்கும் பரவி அதைத் திணறடித்தது. விண்டோஸ் பரவலாகாத, அவுட்லுக் இல்லாத காலம். 'தெரிந்தவர் அனுப்பியது, திறந்து பார்ப்போம்' என்ற மனம் மட்டும் அன்றைக்கே இருந்தது.

1999 மார்ச் 26இல் வெளிவந்த மெலிசாதான் மடற்குழுக்களின் பலவீனத்தை உலகுக்குக் காட்டியது. அது வேர்டு கோப்புக்குள் ஒளிந்த மேக்ரோ, அதாவது ஆவணத்துக்குள் எழுதி வைத்த சிறு நிரல். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பும். ஐம்பது என்றால் அடக்கமான எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஐம்பதில் ஒன்று மடற்குழு முகவரியாக இருந்தால்? ஐம்பது சட்டென்று ஆயிரக்கணக்காகிவிடும். அலுவலகங்களில் 'எல்லா ஊழியர்களும்' என்ற பொது முகவரிதான் பலருடைய புத்தகத்திலும் மேலே இருந்தது. பெரிய நிறுவனங்கள் சில மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிய நியூஜெர்சிக்காரர் டேவிட் ஸ்மித்துக்கு 2002இல் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அடுத்த ஆண்டு மே 4ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ'. இணைப்பின் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. தெரிந்த பின்னொட்டை மறைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு என்பதால் ஓடக்கூடிய நிரல் என்று காட்டும் கடைசி விபிஎஸ் மறைந்து, பார்ப்பவருக்கு வெறும் எழுத்து மட்டும் உள்ள டிஎக்ஸ்டி கோப்பாகத் தெரிந்தது. இது ஐம்பதோடு நிற்கவில்லை. முகவரிப் புத்தகம் முழுவதற்கும் போனது. எழுதியவரைக் கண்டுபிடித்த பிறகும் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இல்லை.

இணைப்பே இல்லாமல் வந்ததும் உண்டு. 1999 கடைசியில் பரவிய காக்வார்ம், எச்டிஎம்எல் மடலின் (இணையப் பக்கம் போல வடிவமைத்த மடல்) கையொப்பப் பகுதிக்குள் ஒளிந்திருந்தது. பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மடலை முன்னோட்டம் பார்த்தாலே போதும். பாதிக்கப்பட்டவர் குழுவுக்கு எழுதும் ஒவ்வொரு நல்ல மடலின் அடியிலும் அது சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். 'எச்டிஎம்எல் மடல் வேண்டாம், வெற்று எழுத்து மட்டும்' என்று சில குழுக்கள் அடம் பிடிப்பதை அழகுணர்ச்சி இல்லாத பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. லினக்ஸ் கர்னல் மடற்குழு இன்றுவரை எச்டிஎம்எல் மடலை ஏற்பதில்லை. அங்கே நிரல் திருத்தங்களைக்கூட இணைப்பாக அல்லாமல் மடல் வாசகத்துக்குள்ளேயே எழுதி அனுப்புகிறார்கள். உலகில் பாதிக் கணினிகள் நம்பியிருக்கும் மென்பொருள் அப்படித்தான் வளர்கிறது. நம் ஆண்டு விழா அழைப்பிதழ் அப்படிப் போனால் குடி முழுகிவிடாது.

அனுப்பியது யார்?

தொடக்கத்தில் கேட்ட முதல் கேள்வி இது. ஒரு தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் ஒரு 'அனுப்புநர்', உள்ளே கடிதத் தாளின் தலையில் ஒரு 'அனுப்புநர்'. மின்னஞ்சலிலும் அப்படியே இரண்டு. வழங்கிகள் பேசிக்கொள்வது உறையில் உள்ளதை வைத்து. நம் திரையில் தெரிவது தாளில் உள்ளது. 1982இன் வடிவமைப்பில் இரண்டையும் யாரும் சரிபார்ப்பதில்லை.

2002இல் பரவிய க்ளெஸ் இதைத்தான் பயன்படுத்தியது. பாதிக்கப்பட்ட கணினியில் கிடைக்கும் முகவரிகளில் ஒன்றை எடுத்து அனுப்புநராகப் போடும், இன்னொன்றுக்கு அனுப்பும். 'அ' என்பவரின் கணினியில் வைரஸ். மடல் போவது 'ஆ'வின் பெயரில், குழுவுக்கு. இருவருமே ஒரே குழுவில் இருப்பதால் முகவரிகள் 'அ'வின் கணினியில் தயாராக இருந்தன. உறுப்பினர் மட்டுமே எழுதலாம் என்ற விதியை வழங்கி சரியாகவே கடைப்பிடித்தது: 'ஆ' உறுப்பினர்தானே, உள்ளே விட்டது. எல்லோரும் 'ஆ'வைத் திட்ட, அவர் புதுசாக ஆன்டிவைரஸ் வாங்கித் தன் கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'அ' நிம்மதியாகத் தூங்கினார்.

இன்று இது மூன்று விதமாக நடக்கிறது:

1. வெறும் போலி: தாளில் பெயரை மட்டும் எழுதி எங்கிருந்தோ அனுப்புவது.
2. கணக்குத் திருட்டு: கடவுச்சொல்லைப் பிடித்து, அவருடைய உண்மையான கணக்கிலிருந்தே அனுப்புவது.
3. இழைக் கடத்தல்: பழைய மடல்களைத் திருடி, அவற்றுக்குப் பதில் போல எழுதுவது.

மூன்றாவதில் பெயர் எடுத்தது எமோடெட். 2014இல் வங்கி விவரம் திருடும் நிரலாகத் தொடங்கியது, பிறகு மடல்களையே அள்ளிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த உரையாடலின் நடுவே பதிலாக நுழைந்தது. பொருள் வரி சரி, மேற்கோளில் நீங்களே எழுதிய வாசகம், கீழே ஒரு கோப்பு. 'தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள்' என்ற பழைய அறிவுரை இந்த இடத்தில் செத்துப்போனது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் வழங்கிகளைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்தது. மடற்குழுவில் காப்பகம் பொதுவில் திறந்து கிடந்தால் கடத்துகிறவனுக்குத் திருடும் வேலைகூட மிச்சம்.

முதல் வகைக்கு இப்போது தடுப்பு இருக்கிறது. எஸ்பிஎஃப், இந்த டொமைனின் மடலை எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகேஐஎம், மடலின் மேல் அனுப்பும் வழங்கி போடும் மின்கையொப்பம். டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது தாளில் உள்ள முகவரியோடு பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரர் எழுதி வைக்கும் கட்டளை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாதுகாப்பு முதலில் அடித்தது மடற்குழுக்களைத்தான். குழுவின் வழங்கி உறுப்பினரின் பெயரில் மடலை மறுபடி அனுப்புகிறது. எஸ்பிஎஃப் பட்டியலில் அது இல்லை. பொருள் வரியில் குழுப் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் சேர்க்கிறது. டிகேஐஎம் கையொப்பம் உடைகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ 'பொருந்தாதவற்றைத் திருப்பியனுப்பு' என்று டிமார்க் கட்டளையை மாற்றியது, அதே மாதம் ஏஓஎல்லும் மாற்றியது. யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதினால், ஜிமெயில் உறுப்பினர்களிடமிருந்து மடல் திரும்பி வந்தது. அத்தனை திரும்பலையும் கண்ட குழு நிரலான மெயில்மேன், இவர்களுடைய முகவரி செத்துவிட்டது என்று முடிவு செய்து, ஒரு தப்பும் செய்யாதவர்களுக்கு மடல் போவதை நிறுத்தியது. இன்று குழு மடல்களில் 'இன்னார், குழு வழியாக' என்று அனுப்புநர் பெயர் தெரிவது அந்தக் கலவரத்துக்குப் பின் வந்த ஒட்டுவேலை.

இதில் நிர்வாகிக்கு ஒரு பயன் உண்டு. மடல் குழுவுக்குள் நுழையும்போதே அதன் டிகேஐஎம், டிமார்க் நிலையைச் சரிபார்த்து, தவறியதை மட்டுறுத்தலுக்கு அனுப்பினால் வெறும் போலிகள் வாசலிலேயே நிற்கும். கணக்குத் திருட்டையும் அதிலிருந்து வரும் இழைக் கடத்தலையும் இது பிடிக்காது. அங்கே கையொப்பம் சுத்தமாகவே இருக்கும். அதற்கு இணைப்பையே பார்க்க வேண்டும்.

வாசலில் கழற்றுவது

என் கருத்தில், உரையாடலுக்கான குழுவுக்கு இணைப்பே தேவையில்லை. கோப்பைக் குழுவின் தளத்திலோ ஒரு பொதுச் சேமிப்பிடத்திலோ போட்டுச் சுட்டியைக் கொடுத்தால் போதும். தமிழ்க் குழுக்களில் இணைப்புப் பழக்கம் வேரூன்றியதற்கு ஒரு நியாயம் இருந்தது. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்த நாட்களில், வாசகரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மடல் கிறுக்கலாகத் தெரியும். வேர்டு கோப்பாகவோ படமாகவோ இணைத்தால் நிம்மதி. யூனிகோடு வந்த பிறகு அந்த நியாயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

மெயில்மேனில் 'கன்டென்ட் ஃபில்டரிங்' என்றொரு பக்கம் இருக்கிறது, 2.1 பதிப்பில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கிய பிறகு செய்ய வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

1. அனுமதிப் பட்டியல் வையுங்கள். தடைப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். வெற்று எழுத்து, வேண்டுமானால் ஜேபெக் படம், வேண்டுமானால் பிடிஎஃப், மற்றதெல்லாம் கழற்றப்படும். மெயில்மேனோடு வரும் தடைப் பட்டியலில் இஎக்ஸ்இ, பேட், காம், பிஃப், எஸ்சிஆர், விபிஎஸ் போன்றவைதான் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஆபத்துகளை அப்படியே படம் பிடித்து மாட்டிய மாதிரி. பின்னால் வைரஸ் சுமந்து வந்த ஐஎஸ்ஓ, எல்என்கே (விண்டோஸின் குறுக்குவழிக் கோப்பு), ஒன்நோட் எல்லாம் அதில் கிடையாது. தடைப் பட்டியல் எப்போதும் நேற்றைய திருடனின் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்.

2. எச்டிஎம்எல்லை வெற்று எழுத்தாக மாற்றும் அமைப்பை இயக்குங்கள். ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் போகும். 'இங்கே அழுத்தவும்' என்பதன் பின்னால் உள்ள உண்மையான முகவரியும் பல சமயம் வெளியே தெரிந்துவிடும்.

3. அளவு வரம்பைக் குறையுங்கள். மெயில்மேனின் இயல்பான வரம்பு 40 கிலோபைட். நீளமான கட்டுரைக்குக்கூட அது தாராளம். பலர் முதல் வாரத்திலேயே இதைத் தூக்கிவிடுகிறார்கள்.

4. புது உறுப்பினர் எல்லோரையும் மட்டுறுத்தலில் வையுங்கள். இரண்டு மூன்று நல்ல மடல் எழுதிய பிறகு விடுவிக்கலாம். உறுப்பினர் அல்லாதவர் மடலைக் கிடப்பில் போடுங்கள்.

5. அறிவிப்பு மட்டும் போகும் குழு என்றால், எழுதும் உரிமையை நிர்வாகிகள் இருவருக்கு மட்டும் கொடுத்து, அவர்களிடமும் ஒவ்வொரு மடலிலும் கடவுச்சொல் எழுதிய ஒரு வரியைக் கேளுங்கள். நிர்வாகியின் முகவரியைப் போலியாகப் போடுவதுதான் இங்கே முதல் தாக்குதல்.

கழற்றியதை உறுப்பினருக்குச் சொல்ல வேண்டும். 'ஓர் இணைப்பு நீக்கப்பட்டது' என்று மடலில் ஒரு வரி. ஆனால் கழற்றிய மடலை அனுப்பியவருக்குத் தானாகப் பதில் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். 2003 ஆகஸ்டில் சோபிக்.எஃப் பரவியபோது, 'நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்' என்று ஆன்டிவைரஸ் வழங்கிகள் போலி முகவரிகளுக்கெல்லாம் பதில் அனுப்பித் தள்ளின. சம்பந்தமே இல்லாதவர்களின் பெட்டி நிரம்பியது. வைரஸ் செய்த தொல்லையோடு மருந்து செய்த தொல்லையும் சேர்ந்துகொண்டது.

ஸ்கேனர் எங்கே கைவிடும்

ஆன்டிவைரஸ் ஸ்கேனரை வழங்கியில் வைப்பது நல்லதே. இலவசமாகக் கிடைக்கும் கிளாம்ஏவி பல மின்னஞ்சல் வழங்கிகளில் ஓடுகிறது. ஆனால் அதை முதல் காவலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கேனர் பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த கோப்பின் அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. புதிதாகக் கிளம்பிய ஒன்று அடையாளப் பட்டியலுக்குள் வரச் சில மணி நேரமாவது ஆகும். குழு மடல் எல்லோருக்கும் போய்ச்சேர ஒரு நிமிடம் போதும்.

பூட்டிய ஜிப் இன்னொரு தலைவலி. 2004இல் பேகிள் வைரஸின் சில வகைகள் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக வந்தன. கடவுச்சொல் மடலுக்குள்ளேயே எழுதியிருந்தது. ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது. மனிதர் படித்துத் திறந்துவிடுவார். சில ஸ்கேனர்கள் மடலிலிருந்து கடவுச்சொல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டன. உடனே அடுத்த வகை கடவுச்சொல்லைப் படமாக அனுப்பியது. இருபது வருடம் கழித்தும் இந்தத் தந்திரம் ஓய்வு பெறவில்லை. பூட்டிய ஜிப் எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். பொதுக் குழுவுக்கு ரகசியக் கோப்பு அனுப்ப நியாயமான காரணம் கிடையாது.

வேர்டு, எக்செல் கோப்புகளில் மேக்ரோவின் கதையும் மாறிவிட்டது. இணையத்திலிருந்து வந்த கோப்பில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. எப்படித் தெரியும், இணையத்திலிருந்து வந்தது என்று? கோப்பை இறக்கும்போது விண்டோஸ் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துகிறது. தாக்குகிறவர்கள் உடனே ஐஎஸ்ஓ கோப்புக்கு மாறினார்கள். அது குறுந்தகட்டின் பிம்பம். இரண்டு முறை தட்டினால் ஒரு புது டிரைவ் போலத் திறக்கும். முத்திரை வெளிக்கோப்பில் இருந்தது, உள்ளே இருந்தவற்றுக்கு அன்று போய்ச்சேரவில்லை. அந்த ஓட்டையும் அதே ஆண்டில் அடைபட, 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பின்னொட்டு மாறியதே தவிர வழி மாறவில்லை. அனுமதிப் பட்டியல் வைத்திருந்த குழுவுக்கு இந்த மூன்று அலையும் வந்ததே தெரிந்திருக்காது.

சுட்டிகள் தனிக் கதை. இணைப்பைக் கழற்றினால் தாக்குதல் சுட்டிக்கு நகரும் என்பது உண்மைதான். ஆனால் சுட்டி போய்ச்சேரும் இடத்தை முடக்கலாம், உலாவியும் எச்சரிக்கும். 800 பெட்டிகளில் இறங்கிய கோப்பைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

ஒன்று தப்பி உள்ளே போய்விட்டால்

முதல் அரை மணி நேரத்தில், இந்த வரிசையில்:

1. எல்லா மடலையும் கிடப்பில் போடுங்கள். மெயில்மேனில் 'எமர்ஜென்ஸி மாடரேஷன்' என்று ஒரே பொத்தான் உண்டு. திறக்க முடியவில்லை என்று மேற்கோளோடு பதில் போடுகிறவர்களை நிறுத்துவதற்கே இது.

2. எச்சரிக்கை மடல் ஒன்று அனுப்புங்கள். பொருள் வரி, வந்த நேரம், கோப்பின் பெயர் மூன்றும் இருக்கட்டும். அசல் மடலை மேற்கோள் காட்டாதீர்கள். அனுப்புநர் பெயரைக் குற்றவாளி போல எழுதாதீர்கள். இந்தக் கட்டத்தில் அது யாரென்று உங்களுக்கே தெரியாது.

3. காப்பகத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். மெயில்மேனின் காப்பகம் இணைப்பைப் பிரித்தெடுத்து, உங்கள் தளத்திலேயே ஒரு சுட்டியாக வைத்துவிடும். மடல் எல்லோருடைய பெட்டியிலிருந்தும் அழிந்த பிறகும், உங்கள் டொமைனிலிருந்து வைரஸை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். தேடுபொறிகள் அதைக் கண்டால் தளம் முழுவதையுமே ஆபத்தானது என்று குறித்துவிடும். கோப்பையும் காப்பகப் பக்கத்தையும் நீக்குங்கள். அன்றைய மடல்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் திரட்டு மடல் போகக் காத்திருந்தால் அதையும்.

4. பிறகு மூல மடலில் 'ரிசீவ்ட்' வரிகளைப் படியுங்கள். கீழிருந்து மேலாக, மடல் வந்த வழி அதில் இருக்கும். உங்கள் வழங்கி எழுதிய வரியை மட்டும் முழுசாக நம்பலாம், அதற்குக் கீழே உள்ளவை பொய்யாகவும் இருக்கலாம். அனுப்புநரின் சேவையிலிருந்தே, சரியான டிகேஐஎம்மோடு வந்திருந்தால் கணக்கு திருடுபோயிருக்கிறது: அவர் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, வரும் மடலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி எதுவும் தனக்குத் தெரியாமல் கணக்கில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறெங்கிருந்தோ வந்திருந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது நீங்கள்.

கோப்பைத் திறந்தவர்கள் வலையைத் துண்டித்துவிட்டு, வேறு ஒரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுவது நல்லது. சந்தேகத்துக்குரிய கோப்பை, பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஏற்றும் கோப்பு மற்ற நிறுவனங்களுக்கும் கிடைக்கும். யாருடையதோ உண்மையான சம்பளச் சீட்டாக இருந்துவிட்டால் சங்கடம். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடும் வசதி அங்கேயே உண்டு.

அமைத்தது வேலை செய்கிறதா

உறுப்பினர்கள் இருக்கும் குழுவில் சோதிக்க வேண்டாம். உங்களுடைய இரண்டு முகவரிகளை மட்டும் சேர்த்து, அதே அமைப்புகளோடு ஒரு சோதனைக் குழு தொடங்குங்கள். ஈகார் என்ற அமைப்பின் பெயரில் ஒரு சோதனைக் கோப்பு உண்டு: 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை வைத்து மூன்று மடல் அனுப்புங்கள். முதலாவதில் கோப்பு அப்படியே. இரண்டாவதில் ஜிப்புக்குள். மூன்றாவதில் கடவுச்சொல் போட்ட ஜிப்புக்குள், கடவுச்சொல்லை மடலில் எழுதி. முதல் இரண்டையும் ஸ்கேனர் பிடித்துவிடும். மூன்றாவது மடலின் ஜிப் உங்கள் இரண்டாவது முகவரிக்கு வந்து சேர்ந்தால், அனுமதிப் பட்டியலில் ஜிப் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.